ஏழாம் தேதி சம்பளம்: ராணுவத்திலிருந்து மூன்று தொழில்களுக்கு

ராணுவத்தில் அதிகாரியாக இருந்தேன் என்று சொன்னதும், "அப்போ பென்ஷன் நல்லா வருமே" என்பார்கள். வராது. நான் ஷார்ட் சர்வீஸ் கமிஷன், அதாவது குறுகிய காலப் பணி. சென்னை பரங்கிமலையில் உள்ள ஓடிஏ என்ற அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து, 2009-இல் ஆர்மி சர்வீஸ் கோரில் லெப்டினன்ட் ஆனேன். 10 வருடப் பணி, விரும்பினால் இன்னும் 4 வருடம் நீட்டிப்பு. அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் 20 வருடம் வேண்டும். கோவையில் அம்மா தனியாக இருந்தார். நீட்டிப்பு கேட்காமல், கிராஜுவிட்டியை (பணிக்கொடை) வாங்கிக்கொண்டு 2019-இல் ஊர் வந்து சேர்ந்தேன். அடுத்த பிப்ரவரி 17-ஆம் தேதி, ராணுவத்தில் என்னைப் போன்ற பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனி வரும் பெண்களை நினைத்து மனம் நிறைந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் கோரின் வேலை ரேஷன், எரிபொருள், வண்டி. லடாக்கின் லே நகரில் இருந்தபோது குளிர்கால ஸ்டாக்கிங் பார்த்தேன். லேவுக்குப் போகும் வழியிலுள்ள ஜோஜிலா கணவாயைப் பனி மூடுவதற்குள் ஆட்டா, பருப்பு, டின் உணவு, மண்ணெண்ணெய் எல்லாம் மேலே ஏறிவிட வேண்டும். சாலை திறந்திருக்கும் மாதங்களில் சேர்த்ததை வைத்துத்தான் மூடிய மாதங்களைத் தள்ள வேண்டும். வெளியே வந்தபின் ராணுவ ஒழுக்கம், மிடுக்கு என்று பலரும் பாராட்டினார்கள். தொழிலில் என்னைக் காப்பாற்றியது இந்த ஸ்டாக் கணக்குதான்.

முதலில் தொடங்கியது செக்யூரிட்டி ஏஜென்சி. 2005-ஆம் வருடத்துத் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். கட்டணம் ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுக்க 25,000. நான் நடுவில் உள்ளதைக் கட்டினேன். புதிதாகச் சேரும் காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கட்டாயம். முன்னாள் படைவீரர் என்றால் 40-ம் 16-ம் போதும். அதனால் முதல் அணி முழுக்க ஓய்வுபெற்ற ஜவான்கள். எனக்கு வலதுகையாக வந்த சுபேதார் சாப் பொள்ளாச்சிக்காரர். "ஆளுங்க கெடைப்பாங்க மேடம், சம்பளம் மட்டும் தேதி தவறக் கூடாதுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

இந்தத் தொழிலின் உயிர்நாடி அதுதான். சம்பளம் ஏழாம் தேதிக்குள் போயாக வேண்டும். பிஎஃப்பில் நம் பங்கு காப்பீடு, நிர்வாகக் கட்டணத்தோடு 13 சதம், இஎஸ்ஐ 3.25 சதம், இரண்டையும் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். பில் பணமோ இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்துத்தான் வரும். நல்ல லாபம் காட்டும் ஏஜென்சிகள்கூட இந்த இடைவெளியில் விழுந்துபோகின்றன. கிராஜுவிட்டியில் மூன்று மாதச் சம்பளத்துக்கான தொகையைத் தனிக் கணக்கில் போட்டேன். அது என் ஜோஜிலா ஸ்டாக். அது தாங்கும் அளவுக்கு மேல் ஒரு பாயின்ட்கூட (காவலர் நிறுத்தும் இடம்) எடுப்பதில்லை. நல்ல இடங்களிலிருந்து கேட்டும் மறுத்திருக்கிறேன்.

அப்படியும் ஒரு மருத்துவமனை மாதக்கணக்கில் பில்லை இழுத்தடித்தது. அப்போதுதான் உத்யம் பதிவின் அருமை புரிந்தது; சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு அது. சிறு, குறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. இத்தகைய நிலுவைகளுக்கான மத்திய அரசின் சமாதான் இணையதளத்தில் புகார் பதிந்தேன். விசாரணைக்கு முன்பே பணம் வந்துவிட்டது. 2023-24 நிதியாண்டு முதல், கெடுவுக்குள் தராத அந்தத் தொகையை வாங்குபவர் அந்த வருடச் செலவாக வருமான வரியில் கழிக்கவும் முடியாது. இப்போது ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறோம்.

பெண் காவலர்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். பிரசவ வார்டு, மகளிர் விடுதி, மில் என எல்லாரும் பெண் காவலர் கேட்கிறார்கள். கேட்டில் கழிப்பறை இருக்காது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் தண்ணீரே குடிக்காமல் நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் பாட்டிலை மூடி திறக்காமல் அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போவார். அதனால் எங்கள் ஒப்பந்தத்தில் கழிப்பறையும் நாற்காலியும் தனி நிபந்தனை. 2021-இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியபின் வாதாடுவது சற்றுச் சுலபமானது. இதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்துக்கு ஆள் அனுப்புவதில்லை.

இரண்டாவது தொழில் தேவையில் பிறந்தது. ஊரடங்கில் காவலர்களுக்கு முகக்கவசம் கிடைக்கவில்லை. ஜவான்களின் மனைவிகள் சிலர் வீட்டிலேயே தைத்துக் கொடுத்தார்கள். அதே கைகள் அடுத்து எங்கள் யூனிஃபார்மைத் தைத்தன. பிறகு மற்ற ஏஜென்சிகளுக்கும் பள்ளிகளுக்கும். இப்போது அது தனி யூனிட். கணவரைப் போர்முனையில் இழந்த ஒரு பெண்தான் அங்கே கட்டிங் மேஜைக்குப் பொறுப்பு.

யூனிட்டுக்கு இயந்திரம் வாங்க, புதிய தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் கடன் கேட்டேன். 25 சதம் மூலதன மானியம், 3 சதம் வட்டி மானியம்; பெண்கள் கையிலிருந்து போட வேண்டியது 5 சதம்தான். திட்டம் அருமையானது. வங்கியில் உட்கார்ந்திருந்தவர் திட்ட அறிக்கையை என்னிடம் வாங்கிக்கொண்டு, கேள்விகளை என் கணவரிடம் கேட்டார். துணைக்கு வந்த மனிதர், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அவங்களையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். நூற்றுக்கணக்கான லாரிகளின் கான்வாயை மலையில் ஏற்றிய எனக்கு அந்த அறையில் கைகள் நடுங்கின, கோபத்தில். வேறு கிளையில் கடன் கிடைத்தது.

மூன்றாவது, மில் கேன்டீன். ரேஷன் சோதித்துப் பழகியவளுக்கு அது தாய்வீடு. மூட்டையின் அடியில் குத்தூசி விட்டு எடுத்த அரிசியைத்தான் பார்ப்பேன், மேலாக இருப்பதைப் பார்க்க மாட்டேன். டின்னின் மூடியை அழுத்தும்போது உள்ளே போய்த் திரும்ப எழும்பினால் அந்த டின் குப்பைக்கு. லாபம் குறைவு, ஆனால் பணம் மாதாமாதம் வரும், ஏஜென்சியின் ஏழாம் தேதிக்குத் தோள் கொடுக்கும்.

பணியை முடிக்கப்போகும் பெண் அதிகாரிகள் கேட்பதால் சொல்கிறேன். கடைசி வருடத்திலேயே டிஜிஆர் (படைவீரர் மறுவாழ்வுக்கான பாதுகாப்பு அமைச்சகத் துறை) நடத்தும் மறுவாழ்வுப் படிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஐஐஎம் போன்ற இடங்களில் 24 வாரம், கட்டணத்தில் பெரும்பகுதியை டிஜிஆர் ஏற்கும். ஊருக்கு வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதியுங்கள். நான் வந்தபோது இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது: முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டம். முன்னாள் படைவீரர்களுக்கு 1 கோடி வரை கடன், அதில் 30 சதம் மானியம். திட்ட அறிக்கையை ஆளை வைத்து எழுதாமல் நீங்களே எழுதுங்கள், வங்கியில் கேள்வி உங்களிடம்தான் வர வேண்டும்.