அம்மாவின் விரல்கள்

அம்மாவும் பெரியம்மாவும் திண்ணையில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் விரல்நுனி மூட்டுகளில் ஒரே மாதிரி முடிச்சு. ஆள்காட்டி விரல் லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருப்பது கூட அப்படியே.

"எங்கம்மாளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு கண்ணு" என்றார் பெரியம்மா.

இந்த முடிச்சை ஹெபர்டன் கணு என்பார்கள். மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம். பெண்களுக்கு அதிகம், குடும்பத்தில் தொடர்ந்து வரும்.

காடுகரையில் பாடுபட்டதால் வந்தது என்றுதான் நம் பக்கம் சொல்வோம். அது பாதிதான்.

1996இல் இங்கிலாந்தில் இரட்டையராகப் பிறந்த பெண்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கை, முழங்கால் தேய்மானம் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராத வித்தியாசத்தில் 39 முதல் 65 சதவீதம் வரை மரபணுவின் பங்காம். ஒரே மரபணு இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போடும் பல. அதில் ஒன்றான ஜிடிஎஃப்5, கருவிலேயே மூட்டு உருவாகும்போது வேலை செய்வது.

அதற்காக விதி என்று விட்டுவிட முடியாது. உடல் எடையும் தொடைத் தசையின் பலமும் நம் கையில் இருக்கின்றன.

தங்கச்சிக்கு இப்போதே முழங்கால் வலி. ஈரோட்டில் டாக்டரைப் பார்க்கும்போது, "எங்கம்மாவுக்கும் அமுச்சிக்கும் இருக்குதுங்க" என்று மறக்காமல் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.