ஒரு தூக்குவாளியும் ஓடாத ஸ்கூட்டரும்

போகிக்கு ஒரு வாரம் முன்பு எங்கள் வீட்டில் பரணைக் காலி செய்வது வழக்கம். இறக்குவது நான். இறக்கியதில் முக்கால்வாசியைத் திரும்ப ஏற்றுவதும் நான்தான். அம்மா கீழே முக்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொல்வார். கைப்பிடி போன வாணலி: "இருக்கட்டும்." பாத்திரம் தொலைந்து மூடி மட்டும் மிஞ்சிய சம்படம்: "மூடி எதுக்காவது ஆகும்."

இந்த முறை எவர்சில்வர் தூக்குவாளி வந்ததும், "அதை மட்டும் பார்த்து இறக்குடா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எங்களுடையதே இல்லை.

1991-ல் சித்தப்பாவுக்குக் கல்யாணம். திருச்சியில் எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல். தெருவே பாத்திரம் இரவல் கொடுத்தது. அந்தக் காலத்தில் பாத்திரத்தில் பேர் வெட்டி வைத்ததே இதற்காகத்தான். அப்படி வெட்டியும் பயனில்லை. எல்லாம் முடிந்து பாத்திரங்கள் வீடு திரும்பியபோது எங்கள் தூக்குவாளி எதிர்வீட்டு அத்தையிடம் போய்விட்டது, அவருடையது எங்களிடம் வந்துவிட்டது. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே அளவு. அடியில் இருக்கும் எழுத்தை யாரோ கவனித்தபோது அவர்கள் மாற்றலாகித் தஞ்சாவூர் போய்விட்டிருந்தார்கள்.

போன மாதம் அந்த அத்தை பேரனின் காதுகுத்துப் பத்திரிகை வைக்க வந்தார். கூடவே ஒரு மஞ்சள் பை. உள்ளே எங்கள் தூக்குவாளி. "முப்பது வருஷமா உறுத்திக்கிட்டே இருந்துச்சுக்கா" என்று எடுத்துக் கூடத்தில் வைத்தார். அம்மா உள்ளே போய் அவருடையதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நான் கைபேசியில் படம் எடுக்கத் தயாரானேன். பிரிந்தவர் சேரும் காட்சி அல்லவா.

அம்மா எங்கள் பேர் வெட்டிய தூக்குவாளியைக் கையில் எடுத்தார். தூக்கிப் பார்த்தார். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். "கொஞ்சம் லேசா இருக்கே" என்றார். அத்தையும் தன்னுடையதை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தார். "இது இறுக்கமா இருக்குக்கா. எனக்கு அது கைக்குப் பழகிருச்சு."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அம்மாதான் ஆரம்பித்தார்: "இதுக்காகவா இவ்வளவு தூரம் சுமந்துட்டு வந்தே? இருக்கிறது அப்படியே இருக்கட்டும்." அத்தை முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! காபி குடித்துவிட்டு எங்கள் தூக்குவாளியை அதே மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார்.

அவர் காபி குடித்துக்கொண்டிருந்த இடைவெளியில் நான் இரண்டையும் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்திருந்தேன். அம்மா 'லேசு' என்று சொன்னது 5 கிராம் கூடுதல். அதை இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கும் சோறு வேண்டும்.

ஆனால் அன்றைக்குப் பரணிலிருந்து இறங்கியதும் வேறொன்றைச் சொன்னேன். ஜாக் நெட்ஷ் என்பவர் 1989-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழக மாணவர்களில் ஒரு வகுப்புக்குக் காபிக் கோப்பை கொடுத்தார், இன்னொரு வகுப்புக்குப் பெரிய சாக்லேட். கொஞ்ச நேரம் கழித்து, "வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்" என்றார். கோப்பை வாங்கியவர்களில் 89 சதவீதம் பேர் கோப்பையை விடவில்லை. சாக்லேட் வாங்கியவர்களில் 90 சதவீதம் பேர் சாக்லேட்டை விடவில்லை. மூன்றாவது வகுப்பிடம் எதையும் கொடுக்காமல் 'எது வேண்டும்' என்று கேட்டபோது மட்டும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. 56 சதவீதம் கோப்பைக்கு. அதாவது, கைக்கு எது முதலில் வந்ததோ அதுதான் ஒசத்தி.

"அவங்க அதை எவ்வளவு நேரம் வெச்சிருந்தாங்க?" என்று கேட்டார் அம்மா.

"கொஞ்ச நேரம்தான்."

"நான் முப்பது வருஷம் வெச்சிருந்தேன். போடா."

நியாயமான கேள்விதான். நான் விடவில்லை. கைக்கு வந்ததும் பொருளுக்கு மதிப்பு ஏறிவிடும் இந்தக் குணத்துக்கு 1980-ல் பேர் வைத்தவர் ரிச்சர்ட் தேலர், 2017-ல் பொருளாதார நோபல் பெற்றவர் என்றேன். 2008-ல் ஸ்டான்ஃபோர்டில் பிரையன் நட்சன் குழுவினர், பொருள்களை வாங்கும்போதும் விற்கும்போதும் மூளைக்குள் நடப்பதை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள் என்றேன். மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் இன்சுலா என்று ஒரு பகுதி இருக்கிறது. வலி, அருவருப்பு போன்ற உணர்ச்சிகளில் அதற்குப் பங்கு உண்டு. தனக்குப் பிடித்த பொருளை விற்கும் நேரத்தில் வலது இன்சுலா யாருக்கெல்லாம் அதிகம் கிளர்ந்ததோ, அவர்களிடம்தான் இந்தக் குணம் தூக்கலாக இருந்ததாம். "பொருள் ஒசத்தி என்பதால் இல்லைம்மா, போகப்போகிறதே என்று மூளைக்கு வலிக்கிறது."

அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டி, "அதை எப்ப தூக்கப்போற?" என்றார்.

அது என் ஸ்கூட்டர். 2004-ல் வாங்கியது. ஓடி ஐந்து வருடம் இருக்கும். இப்போது அதன் கால் வைக்கும் இடத்தில் ஒரு பூனை குடும்பம் நடத்துகிறது. சரி, ஆராய்ச்சி பேசியவன் முன்னுதாரணமாக இருக்க வேண்டாமா? மறுநாளே தெருமுனை மெக்கானிக்கை வரச் சொன்னேன். பழைய வண்டி வாங்கி விற்பவரும் அவர்தான்.

"எவ்வளவுண்ணே எதிர்பார்க்கிறீங்க?"

"பதினெட்டாயிரம்" என்றேன், கூசாமல்.

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். உதைத்தார். வண்டியிலிருந்து பூனைதான் புறப்பட்டது. "நாலாயிரம் தரேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வலது பக்கமா இடது பக்கமா என்று கவனிக்கவில்லை. ஒரே கை வண்டி என்றேன். டயர் புதுசு என்றேன். "இவளைப் பிரசவத்துக்கு அழைச்சுட்டுப் போன வண்டிப்பா இது" என்று குரல் தழுதழுக்கச் சொன்னபோது, ஜன்னலிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பிரசவத்துக்கு ஆட்டோவுலதானே போனோம்? இது அன்னிக்கும் ஸ்டார்ட் ஆகலை."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வருகிறது, போகிறது, எதற்கும் கலங்குவதில்லை. ஜான் லிஸ்ட் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்காவில் விளையாட்டு வீரர் அட்டைகள் வாங்கி விற்பவர்களிடம் சோதித்து, 2003-ல் இதையேதான் எழுதினார்: கொடுத்து வாங்கிப் பழகப் பழக இந்தக் குணம் மங்கிவிடுகிறது. நான் வாழ்க்கையில் விற்றது பழைய பேப்பர் மட்டும். அதிலும் எடை குறைகிறது என்று சண்டை.

மனைவி வெளியே வந்துவிட்டாள். "என்னங்க, ஒண்ணு கேக்கறேன். இதே வண்டி பக்கத்து வீட்டு வாசல்ல நிக்குது. அவர் உங்களை வாங்கிக்கச் சொல்றாரு. எவ்வளவு குடுப்பீங்க?"

திரும்பி வண்டியைப் பார்த்தேன். சீட்டில் பூனை முடி. பக்கத்து வீட்டுக்காரர் முகமும் நினைவுக்கு வந்தது.

"இதையா?" என்று வாய் தானாகக் கேட்டுவிட்டது.

மெக்கானிக் அப்போதே பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார். பேசிப் பேசி நாலாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது. மாலையில் குட்டி யானை வந்தது. பூனைக் குடும்பத்தைப் பழைய அட்டைப்பெட்டிக்குக் குடிபெயர்த்தோம். வண்டியை ஏற்றும்போது, "ஒரு நிமிஷம் தம்பி" என்று நிறுத்தி ஸ்டெப்னியைக் கழற்றச் சொன்னேன். அதற்கு முந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்கள்.

"வண்டியே போயிருச்சு, டயர் எதுக்கு?" என்றாள் மனைவி.

"புது டயர். எதுக்காவது ஆகும்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். "தூக்குவாளி மேல இடிக்காம வை" என்றார்.