குத்திராயன் மலையும் 700 ரூபாய் ஆட்டோவும்

முதலில் அந்த ஆட்டோக்காரரைத் திட்டி முடித்துவிடுகிறேன், அப்புறம் மலையைப் பற்றிப் பேசலாம்.

தருமபுரியில் ஏறிய பஸ் பாலக்கோட்டில் டீக்கு நின்றது. ராயக்கோட்டையில் யாரோ ஒருவருடைய தக்காளிக் கூடைகளுக்காக நின்றது. கெலமங்கலத்தில் எதற்கு நின்றது என்று கண்டக்டருக்கே தெரியவில்லை. தேன்கனிக்கோட்டையில் இறங்கினால் மலைக்குப் போகும் பஸ் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது, அடுத்தது மத்தியானம்தான் என்றார்கள். ஆட்டோவுக்கு 900 ரூபாய் கேட்டார். "காட்டு ரோடு சார், யானை வரும், திரும்பி காலியா வரணும்." யானைக்கும் சேர்த்து வாடகையா! பேசிப் பேசி 700-க்கு இறங்கினார். பாதி வழியில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்கு 50 வாங்கியதையும் பார்த்தேன். நான் பெங்களூர் ஆள் இல்லை, தருமபுரிக்காரன் என்றேன். "அதனாலதான் சார் எழுநூறு" என்றார். இதற்கு மேல் என்ன பேசுவது?

சரி, மலை. குத்திராயன் என்ற பெயரை ஓசூர்ப் பக்கம் நடப்பவர்கள் கேட்டிருப்பார்கள். 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரிக்குக் குத்திராயன், தருமபுரிக்கு வத்தல்மலை என்று நம் ஊர்களுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. இணையத்தில் பணம் கட்டிப் பதிந்துகொண்டு, வனத்துறை அனுப்பும் வழிகாட்டியோடுதான் ஏற முடியும். கட்டணத்தைப் பார்த்ததும் மனசு கணக்குப் போடத்தான் செய்தது. அந்தக் காசுக்கு ஒகேனக்கல்லில் பரிசல், மீன் வறுவல், எண்ணெய் மசாஜ் எல்லாம் முடித்துவிடலாம். ஆனால் வழிகாட்டியாக வந்த தம்பி மலையடிவாரக் கிராமத்துப் பையன், அவனுக்குச் சம்பளம் இதிலிருந்துதான் போகிறது என்று தெரிந்த பிறகு முணுமுணுப்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஏற்றத்தைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. மூங்கில், அப்புறம் முட்டிவரைக்கும் புல், அப்புறம் மூச்சு வாங்கல். உச்சியில் காற்று தொப்பியைப் பிடுங்கியது. எல்லா மலைக் கட்டுரையிலும் வருகிற அந்தப் பனிமூட்டம் இங்கேயும் இருந்தது.

என்னை நிறுத்தியது ஒரு சாதாரண வளைவு. ஒத்தையடிப் பாதையாக வந்த தடம் அந்த இடத்தில் மூன்று ஆள் அகலத்துக்கு விரிந்து கிடந்தது. நடுவில் சேறு. ஓரப் புல் மிதிபட்டு வேர் வெளியே தெரிந்தது. "மழைக்கு முன்னாடி இது ஒத்தையடிதான்ணா. ஷூ அழுக்காகும்னு எல்லாரும் ஓரமா மிதிக்கிறாங்க. அடுத்த ஆள் அதுக்கும் ஓரமா மிதிக்கிறாரு" என்றான் தம்பி. கொஞ்ச தூரத்தில் வளைவைச் சுற்ற சோம்பல்பட்டவர்கள் நேராக இறங்கி ஒரு குறுக்கு வழி போட்டிருந்தார்கள். அடுத்த மழையில் தண்ணீரும் அதே குறுக்கு வழியில்தான் இறங்கும், மண்ணையும் கூட்டிக்கொண்டு. பாதை கெடுவதற்குக் குப்பை போடும் ஆட்கள்கூட வேண்டாம், நல்லவர்கள் நிறையப் பேர் நடந்தாலே போதும்.

எங்கள் குழுவில் ஓசூரில் வேலை பார்க்கும் இரண்டு பேர் இருந்தார்கள். உச்சியில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றபடி ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். ஒகேனக்கல்லில் காவிரிக்கரையில் ஆரம்பித்து நாட்ராம்பாளையம், அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் வழியாக இறங்கி, மாரண்டஹள்ளி, பாலக்கோடு தாண்டி வத்தல்மலை வரைக்கும் ஒரே நெடுந்தூர நடைப்பாதை. பல நாள் நடக்கலாம், வழியில் கிராமங்களில் தங்கலாம். கேட்டதும் எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. அமெரிக்காவில் 3,500 கிலோமீட்டர் அப்பலாச்சியன் பாதையை 1937-லேயே முடித்துவிட்டார்கள், நம் மாவட்டங்களுக்குள் இவ்வளவுகூடவா முடியாது?

உடனே அடுத்த யோசனையும் வந்தது. அதே நாட்டின் பசிபிக் கிரெஸ்ட் பாதை 4,200 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆனாலும் மெக்சிகோ எல்லையிலிருந்து வடக்கே கிளம்பும் நெடுந்தூர நடையாளர்களுக்கு, சீசனில் ஒரு நாளைக்கு 50 பேருக்குத்தான் அனுமதி. அவ்வளவு பெரிய பாதைக்கே ஐம்பது! எல்லோரும் ஒரே வாரத்தில் ஒரே முனையில் கிளம்பினால் முதல் சில முகாம்கள் நாறிப்போகும் என்பதுதான் காரணம். அப்பலாச்சியனில் நடுவில் ஆரம்பித்து ஒரு முனையைத் தொட்டுவிட்டு, திரும்ப நடுவுக்கு வந்து மறு முனைக்குப் போங்கள் என்று சொல்லிக் கூட்டத்தைப் பிரிக்கிறார்கள்.

நம் பக்கம் என்ன நடக்கும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2024 ஜனவரியில் குடியரசு தின விடுமுறையில் கர்நாடகத்தின் குமார பர்வதத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம் ஏறி, கடைசியில் ஆன்லைன் பதிவு இல்லாத மலையேற்றங்களையே அந்த அரசு நிறுத்தி வைத்தது. அதே பெங்களூர்க் கூட்டத்துக்கு, குத்திராயன் இருக்கும் இந்த மேலகிரி மலைகள் இரண்டு மணி நேர டிரைவ். ஒரு ரீல்ஸ் போதும்.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த மலைத்தொடரை ஒட்டித்தான் 2014-ல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம், 504 சதுர கிலோமீட்டர். 2022-ல் காவிரி தெற்கும் சேர்ந்தது. குளிர்காலத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி வழியாக இறங்கி ராகிக் காட்டுக்கு வரும். விவசாயிகள் ராத்திரி பூராவும் பரணில் காவல் இருப்பார்கள். நடப்பதற்கு நல்ல மாதம் எது? அதே குளிர்காலம்தான். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீ பயத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். அது சரியும்கூட. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்ததை யார் மறப்பது? ஆக யானை, தீ, மழை மூன்றையும் கழித்தால் மிச்சம் கிடைப்பது கொஞ்ச வாரங்கள். வருஷம் முழுவதும் திறந்த நெடும்பாதை என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்றால், பாதை வரட்டும். ஆனால் உச்சிகளை இணைக்க வேண்டாம், ஊர்களை இணைக்கட்டும். யானை நடமாடும் துண்டுகளை விட்டுவிட்டு அங்கே பஸ்ஸில் ஏற்றிவிடட்டும். முழுதும் நடந்தேன் என்ற பெருமை கொஞ்சம் குறையும், பரவாயில்லை. வெள்ளியங்கிரியில் தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்கி, திரும்பக் கொண்டுவந்தால் காசு தருகிறார்களே, அதை இங்கேயும் முதல் நாளிலிருந்தே செய்யட்டும். ஒகேனக்கல் கரையில் ஷாம்பு பாக்கெட்டுகள் பாறை இடுக்கில் அடைந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் சாப்பாடு. இதற்காகவே திரும்பப் போவேன். இறங்கி வந்ததும் தம்பி ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனான். ராகிக் களி, பிதுக்குப் பருப்புக் குழம்பு. அவரையை ஊறவைத்து ஒவ்வொரு கொட்டையாகத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்கிற குழம்பு. பனிக்காலத்தில் மட்டும்தான் இந்த ருசி. களி தட்டில் விழும்போதே ஆவி கண்ணாடியில் படிந்தது. நடுவில் குழி போட்டுக் குழம்பை ஊற்றி, "மெல்லாதே கண்ணு, முழுங்கு" என்றார் அந்த அம்மா. மூன்றாவது களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததற்குத் திட்டும் வாங்கினேன். 100 ரூபாய் வாங்கிக்கொண்டார், அதையும் கூச்சப்பட்டுக்கொண்டே.

நிறைய ஆட்கள் வந்தால் நல்லதுதானே அம்மா என்று கேட்டேன். "வரட்டும், வந்தா எனக்கும் நாலு காசு. ஆனா பத்துப் பேருக்குத்தான் என்னால கிண்ட முடியும். அதுக்கு மேல வந்தா தோசை மாவு பாக்கெட் வாங்கணும், அப்புறம் நீங்க ஏன் இங்க வரணும்?" என்றார். தண்ணீரும் அப்படித்தான். குழாய் காலையில் கொஞ்ச நேரம்தான் வருகிறது. ஐம்பது பேர் வந்து குளித்தால் ஊருக்குக் குடிக்க இல்லை. எந்த மலைக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போடும் அதிகாரிகள் இந்த அடுப்படிகளுக்கும் ஒரு நடை வந்து போகலாம்.

செலவு, பஸ் நேரம் எல்லாம் வரிசையாக எழுதுவதாகத்தான் நினைத்தேன். முடிந்தவரை சொல்கிறேன். சனி, ஞாயிறு வேண்டாம், வார நாளில் பதியுங்கள். பூட்ஸ் சேறாகட்டும், தடத்தின் நடுவிலேயே நடங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரை வீட்டில் வையுங்கள், எங்களுக்கு முன்னால் போன குழு கொண்டுவந்திருந்தது, காது வலித்தது. அட்டை இருந்தது, உப்பு எடுத்துப் போங்கள். களி வேண்டுமென்றால் முதல் நாளே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள், அவர் அந்த அம்மாவுக்குத் தகவல் சொல்வார். பத்துப் பேர் ஏற்கெனவே சொல்லியிருந்தால் உங்களுக்கு அடுத்த வாரம்தான்.