ஏவிளம்பிப் படி

பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் எங்கே கூட்டிப் போவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். 2024 கோடையில் ஒரு வேன் பிடித்து, நவகிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றினோம். பையனுக்கு வழியெல்லாம் வாந்தி. மகள் எந்தக் கோயிலில் நிற்கிறோம் என்றே தெரியாமல் தூக்கக் கலக்கத்தில் நடந்தாள். சாமியைப் பார்த்த நேரத்தைவிடக் கடிகாரத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம் என்ற வருத்தம் எனக்கு வெகுநாள் இருந்தது. அதனால் 2025 மே மாதம் கிளம்பும்போது என் மாமியார் சொன்னதை யாரும் மறுத்துப் பேசவில்லை. "ஒரு கோயில் போதும்மா. சுவாமிமலை. பிள்ளைங்க ஆற அமரப் பாக்கட்டும்."

ஏன் சுவாமிமலை என்று அத்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எழும்பூரில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும் முன்பே கும்பகோணம். அறையில் குளித்துவிட்டு டவுன் பஸ்ஸில் கிளம்பினோம். காவிரியில் தண்ணீர் இல்லை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல்தான் திறப்பார்கள். "ஆறு எங்கம்மா?" என்றான் பையன். மணலைக் காட்டி, இதுதான், அடுத்த மாதம் தண்ணீர் வரும் என்றேன். கத்திரி வெயில் நாட்களில் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் எட்டு மணிக்குள் படியேறிவிடுவது நல்லது. அதற்குப் பிறகு கல்லில் சூடு ஏறிவிடும், பிஞ்சுக் கால்கள் தாங்காது.

சுவாமிமலை இயற்கையான மலை இல்லை. சமவெளியில் எழுப்பிய கட்டுமலை. கீழே மீனாட்சி சுந்தரேசுவரர், மேலே சுவாமிநாதர். அப்பா கீழே, பிள்ளை மேலே. கீழே அப்பாவையும் அம்மாவையும் கும்பிட்டுவிட்டுப் படிக்கட்டுக்கு வந்தோம். மொத்தம் 60 படிகள், தமிழ் வருடங்கள் அறுபதுக்கும் ஆளுக்கொன்றாக. தமிழ்ப் புத்தாண்டு அன்று இந்தப் படிகளுக்கே பூஜை நடக்கும்.

அத்தை முதல் படியில் கால் வைக்குமுன் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பிரபவ" என்றார். அடுத்த படியில் "விபவ". அறுபது வருடப் பெயரையும் சின்ன வயதில் மனப்பாடம் செய்த தலைமுறை அது. எனக்கு வரிசையாகப் பத்துகூடத் தெரியாது. "நீ எண்பத்தெட்டு தானே? அப்ப இது உன் படி" என்று என்னை நிறுத்தினார். நான் 1988-இல் பிறந்தவள், விபவ வருடம், இரண்டாவது படி. பிறந்த வருடத்தின் மேல் ஒரு நிமிடம் நிற்கும்போது உள்ளே ஏதோ செய்தது. இத்தனை முறை இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறேன், ஒருமுறைகூட இப்படி நின்றதில்லை.

பிள்ளைகளுக்கு விளையாட்டாகிவிட்டது. அத்தை பெயரைச் சொல்ல, அவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே ஏறினார்கள். சுக்ல, பிரமோதூத, பிரசோற்பத்தி. பையன் வாயில் அது "பசோப்பத்தி" ஆனது. இறங்கி வந்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். "விஜய" வந்ததும் அத்தை நின்றார். 27-ஆவது படி. "தாத்தா படி" என்றார். மாமா 1953-இல் பிறந்தவர். அவர் போய் நாலு வருடமாகிறது. மகள் சத்தம் போடாமல் அந்தப் படியைத் தொட்டுக் கும்பிட்டாள். அதைப் பார்த்துப் பையனும் கும்பிட்டான்.

அப்புறம் ஜய, மன்மத, துன்முகி. 31-ஆவது படியில் அத்தை ஏறி நின்றுகொண்டு மகளைத் தன் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஏவிளம்பி. இது என் படி. உன் படியும் இதுதான்."

அத்தை பிறந்தது 1957. மகள் பிறந்தது 2017. ஒரு சுற்று முடிந்து அதே ஹேவிளம்பி திரும்பி வந்தபோது அவள் பிறந்திருக்கிறாள். ஏழரை வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எனக்கு இது தோன்றவே இல்லை. அத்தைக்கு அவள் பிறந்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அவளுக்குப் படியேறவும் விஷயம் புரியவும் வயது வரட்டும் என்று காத்திருந்தாராம். "அப்பாயி, அப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணா?" என்று கேட்டாள் மகள். "ஒண்ணுதான்டி" என்று அவளை அணைத்துக்கொண்டார் அத்தை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முருகா என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

மூன்று படி தள்ளிப் பையனுடைய சார்வரி. 2020-இல், ஊரே அடங்கிக் கிடந்த நாளில் பிறந்தவன். அதற்கு மேல் அவனால் முடியவில்லை, அப்பாவின் தோளுக்கு ஏறிவிட்டான். கடைசிப் படியான அட்சய என் கணவருடையது, 1986. அதில் நின்றபோது அப்பாவின் காதுக்குள் வாயை வைத்து ஏதோ சொன்னான். இந்தத் தலத்தில் அப்படி ஒரு காட்சியைப் பார்த்தால் யாருக்கும் மெய்சிலிர்க்கும். பிரணவத்தின் பொருள் தெரியாத பிரம்மாவைச் சிறையில் அடைத்த முருகன், "உனக்குத் தெரியுமா?" என்று கேட்ட சிவனுக்கே காதில் உபதேசம் செய்தது இங்கேதான். தகப்பன்சாமி என்ற பெயர் அதனால்தான் வந்தது. பையன் சொன்னது தண்ணீர் வேண்டும் என்பதுதான். ஆனாலும் அவன் உயரத்துக்குத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முகம் எனக்கு மறக்காது.

சன்னிதிக்கு எதிரே மயில் இருக்க வேண்டிய இடத்தில் யானை நிற்கிறது. இந்திரன் கொடுத்த ஐராவதம் என்பார்கள். பையன் அங்கேயே நின்றுவிட்டான். நாங்கள் போன நேரம் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. விபூதி அபிஷேகத்தில் சுவாமி முதிர்ந்த ஞானியாகவும், சந்தன அபிஷேகத்தில் இளம் பாலகனாகவும் தெரிவார் என்று சொல்வார்கள். விபூதி வழிந்தபோது "தாத்தா மாதிரி இருக்காரு" என்றாள் மகள். சந்தனம் சாத்தியதும் "இப்ப குட்டிப் பையன்" என்று அவளே சொன்னாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கும்பகோணம் திரும்பி இட்லிக்குக் கடப்பா வாங்கிக் கொடுத்தோம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்தது, காரம் குறைவு, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி சுவாமிமலைக்கே வந்து ஒரு ஸ்தபதியின் பட்டறையில் உட்கார்ந்திருந்தோம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், அதனால் ஒரு அச்சுக்கு ஒரே சிலை. பையன் கையில் ஒரு துண்டு மெழுகைக் கொடுத்தார் அங்கிருந்தவர். அவன் அதில் யானை செய்தான்.

இரவு ரயிலில் கீழ் பெர்த்தில் அத்தையோடு ஒட்டிப் படுத்திருந்த மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த ஏவிளம்பி எப்ப வரும் அப்பாயி?"

"கூட்டிப் பாரு. ரெண்டாயிரத்துப் பதினேழோட அறுபது."

விரல் விட்டு எண்ணி, போதாமல் படம் வரையும் நோட்டை எடுத்து எழுதிக் கூட்டினாள். "2077. அப்ப எனக்கு அறுபது. நான்தான் அப்பாயி. உங்களுக்கு?"

"எனக்கு என்னடி, நம்ம படி அங்கேயேதான் இருக்கும். நீ ஏறி வா, முருகன் பாத்துக்குவான்."

மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில் "2077 சுவாமிமலை" என்று எழுதி, அதற்குக் கீழே தன் பெயரையும் அப்பாயி பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தாள்.