மழைப் போத்தல்

ஒக்டோபர் 19
மழை அளக்கும் போத்தலை இந்த முறை சரியாக வைத்துவிட்டோம். ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தல். கழுத்தை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் மாதிரிச் செருகியாயிற்று. அடிப்பக்கம் மேடு பள்ளம் என்பதால் கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு, பக்கம் நேராகிற இடத்தில் பூச்சியக் கோடு. காகிதத்தில் குறித்து ஒட்டியது முந்தாநாள் மழையில் பிய்ந்துபோனது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூன்றாம் காம்பரா அக்கா மகளின் நகப்பூச்சைக் கொண்டுவந்தார். 75 மில்லிமீற்றரில் ஒரு கோடு, 100இல் இரண்டு, 150இல் மூன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அளவுகள், 24 மணி நேர மழைக்கு. மூன்று கோடு என்றால் பேச்சில்லை, எழுந்து போக வேண்டியதுதான்.

ஒக்டோபர் 20
காலை எட்டரை. 11.
அம்மா போத்தல் பக்கமே திரும்பவில்லை.

ஒக்டோபர் 21
4.

ஒக்டோபர் 23
கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் கூடினோம். தரம் 8 படிக்கும் பிள்ளை ஒன்று, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்களுக்கு மில்லிமீற்றர் சொல்லிக்கொடுத்தது. தினமும் தராசு முள்ளோடு மல்லுக்கட்டுகிறவர்கள், உடனே பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் கங்காணிப் பெரியப்பா பேசினார். மழையில்லாமல் பீலிக் குழாய்த் தண்ணீர் கலங்கினால், ஊற்று திடீரென்று நின்றால், மரம் சாய்ந்தால், கதவு சட்டத்தில் இறுகினால் கவனம் என்றார். பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டது. இதெல்லாம் போத்தலில் தெரியாது.
எங்கள் கதவு போன மாதத்திலிருந்து இறுகுகிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஒக்டோபர் 24
தூக்கமில்லை. விடிந்ததும் போய்ச் சொல்லிவிட்டேன். பெரியப்பா பின்சுவர் வெடிப்பின் இரண்டு பக்கமும் ஆணி அடித்தார். ஆணிக்கு ஆணி 52 மில்லிமீற்றர்.

ஒக்டோபர் 26
52.

ஒக்டோபர் 29
2014இல் இதே நாள் காலையில்தான் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகளுக்குத் திரும்பி வர லயம் இல்லை. 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்களாம். வயிறு எரிகிறது. போ என்றால் எங்கே போவது? நாங்கள் தோட்ட ஆபீசுக்குக் கொடுத்த மூன்று கடிதத்துக்கும் பதில் வரவில்லை. இன்று நாங்களே முடிவு செய்தோம்: கோயில் மண்டபம் சரிவுக்குக் கீழே, வேண்டாம். மேட்டுப் பள்ளிக்கூடம். யார் யாரைத் தூக்குவது என்றும் எழுதியாயிற்று. அம்மாவுக்கு நானும் அடுத்த காம்பராத் தம்பியும்.
"ஒங்கப்பாவ பொதச்ச மண்ணு. நா எங்கயும் வரல்ல."

நவம்பர் 2
38. ஆணி 52.

நவம்பர் 4
இரவில் விசில் ஒத்திகை. கடைசி ஆள் மேட்டுக்கு வர 19 நிமிடம். நடக்க முடியாத ஆயாவைக் கொழுந்துச் சாக்கில் கம்பு கட்டித் தூக்கினோம், ஆயா வழியெல்லாம் சிரித்தது. அம்மா வாசல் இஸ்தோப்பை விட்டு எழும்பவில்லை.

நவம்பர் 5
அம்மாவோடு பேச்சில்லை.

நவம்பர் 6
81. ஆணி 52.
தேத்தண்ணி கொடுக்கும்போது அம்மா கேட்டார்: "எத்தனாவது கோடு?"

நவம்பர் 6, இரவு 9.40
காலையில் கொட்டிவிட்டு வைத்த போத்தலில் 64. ஒரு கோடுகூட இல்லை. ஆனால் கதவைத் தோளால் இடித்துத்தான் திறந்தேன். டோர்ச் அடித்து ஆணியை இரண்டு தரம் அளந்தேன். 55. அம்மா சாமிப் படத்தைச் சேலையில் சுற்றிக்கொண்டிருக்கிறார். விசில் எங்கே வைத்தேன்