பிசிம்பாலிக் போட்டதும் பாதிதான் சரியானது

ஆரல்வாய்மொழி காற்றாலைகளில் இருந்து மோட்பஸ் (கருவிகள் தகவல் பரிமாறும் நெறிமுறை) வழியாக ரீடிங் எடுக்கும் புரோகிராம் இது. நாகர்கோவிலில் ஒரு லினக்ஸ் பெட்டியில் ஓடுகிறது. ரீடிங் எடுக்கும் ஷேர்டு லைப்ரரி (ஓடும்போது புரோகிராமோடு இணையும் தனி ஃபைல்) தனியாக டெஸ்ட் செய்தால் ஒழுங்காக ஓடும். மெயின் புரோகிராமோடு சேர்த்தால் வருகிற ஃபிரேம் (தகவல் தொகுப்பு) எல்லாம் சிஆர்சி பிழை, அதாவது தகவல் சிதைந்ததா என்று பார்க்கும் சோதனை எண் பொருந்தவில்லை. வழக்கம்போல முதலில் மாற்றியது கேபிளை!

பிடி கொடுத்தது 'எல்டி டீபக்' சூழல் மாறி (புரோகிராமை ஓட்டுமுன் ஷெல்லில் வைப்பது). அதில் 'பைண்டிங்ஸ்' என்று கொடுத்து ஓட்டினால் எந்த சிம்பல் (ஃபங்ஷன் அல்லது வேரியபிளின் பெயர்) எந்த ஃபைலோடு கட்டப்படுகிறது என்று வரிவரியாகக் கொட்டும். கூடவே 'எல்டி பைண்ட் நவ்' மாறியில் 1 கொடுங்கள். இல்லாவிட்டால் ஃபங்ஷனை முதல் தடவை அழைக்கும்போதுதான் அதற்கான வரி வரும்.

லைப்ரரி தன்னிடமே உள்ள சிஆர்சி16 ஃபங்ஷனை விட்டுவிட்டு, மெயினில் அதே பெயரில் இருந்ததைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மோட்பஸ் கணக்கு 65535-இல் தொடங்க வேண்டும். மெயினில் இருந்தது 0-இல் தொடங்குவது. ஓடும்போது லைப்ரரிகளை இணைக்கும் டைனமிக் லிங்கர் பெயர் தேடும்போது மெயினைத்தான் முதலில் பார்க்கும். பந்திக்கு முந்தியவருக்கே இலை.

லைப்ரரியை மட்டும் 'பிசிம்பாலிக்' ஆப்ஷனோடு (தன்னிடம் உள்ள பெயர்களைத் தனக்குள்ளேயே கட்டச் சொல்வது) மறுபடி லிங்க் செய்தோம். கம்பைல் தேவையில்லை. சிஆர்சி சரியானது, ஆனால் லாக் லெவல் மாற்றினால் லைப்ரரி கண்டுகொள்ளவில்லை. லாக் லெவல் இருக்கும் குளோபல் வேரியபிளுக்கு காப்பி ரீலொகேஷன் (லைப்ரரியின் வேரியபிளை மெயினுக்குள் நகலெடுக்கும் ஏற்பாடு) மூலம் மெயினுக்குள் ஒரு நகல் இருந்தது. மெயின் எழுதுவது அந்த நகலில். லைப்ரரி படிப்பதோ தன்னுடைய மூலத்தை.

'பிசிம்பாலிக் ஃபங்ஷன்ஸ்' போட்டதும் இரண்டும் தீர்ந்தன. இது ஃபங்ஷன்களை மட்டும் உள்ளே கட்டும். வேரியபிள் பழைய தேடலிலேயே போகும். 'ரீட்எல்ஃப்' கருவி கொண்டு லைப்ரரி ஃபைலின் டைனமிக் பகுதியைப் பார்த்தால் 'பிசிம்பாலிக்' போட்டதற்கு அடையாளம் தெரியும், 'ஃபங்ஷன்ஸ்' வகைக்குத் தெரியாது. அதற்கு ரீலொகேஷன் பட்டியலைப் (ஓடும்போது நிரப்ப வேண்டிய முகவரிகள்) பார்க்க வேண்டும்: ஃபங்ஷன் அழைப்புகளுக்கான பிஎல்டி பகுதியில் சிஆர்சி16 இருக்கக் கூடாது.

ஜிசிசி வழியாக லிங்க் செய்கிறவர்கள் ஆப்ஷனுக்கு முன்னால் 'டபிள்யூஎல்' என்றும் ஒரு காற்புள்ளியும் சேர்த்து, காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாமல் எழுத வேண்டும். இதற்குப் பிறகு 'எல்டி பிரீலோட்' (வேறொரு லைப்ரரியை முன்னதாக ஏற்றும் சூழல் மாறி) வைத்து லைப்ரரியின் உள் அழைப்புகளை மறிக்க முடியாது. டெஸ்டில் அப்படி மறிப்பவர்கள் தனி பில்ட் வைத்துக்கொள்ளலாம்.

சிஆர்சி16 போன்ற உள் ஃபங்ஷன் வெளியே தெரிந்ததே தப்பு என்பது எங்கள் கருத்து. அடுத்த பில்டில் வெர்ஷன் ஸ்கிரிப்ட் எழுதி, வெளியே வேண்டிய பெயர்களை மட்டும் 'குளோபல்' என்று வைத்துவிட்டு, மிச்சத்தை ஒரே நட்சத்திரக் குறியால் 'லோக்கல்' ஆக்கினோம்.