மட்டக்களப்பில் நாங்கள் கண்ட நோர்வே

நோர்வே எங்களுக்கு என்ன செய்தது என்று இப்போதும் யாராவது கேட்டால் எனக்கு உடனே பதில் வராது. இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் நோர்வே நடுவராக நின்ற போர்நிறுத்தக் காலத்தில் மட்டக்களப்பில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். முறைப்பாடு கொடுக்க வருகிற சனத்தை, போர்நிறுத்தம் மீறப்படுகிறதா என்று பார்த்த வெளிநாட்டுக் கண்காணிப்புக் குழுவிடம் கூட்டிக்கொண்டு போவது, எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது, பிறகு என்ன நடந்தது என்று விசாரித்துத் திரிவது, இவைதான் என் வேலை. ஒஸ்லோவில் வகுத்த வெளிநாட்டுக் கொள்கை எங்கள் ஊர்ச் சனத்திடம் எந்த உருவத்தில் வந்து சேர்ந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஏன் நோர்வே என்ற கேள்வி அப்போது எல்லோரிடமும் இருந்தது. 2002 பெப்ரவரியில் பிரதமர் ரணிலும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் கையெழுத்திட்ட போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது அந்த நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 45 லட்சம். எங்கள் பக்கம் குடியேற்றம் வைத்திருந்த வரலாறு இல்லை, இங்கே படைத்தளம் தேடும் தேவையும் இல்லை. இந்தியா என்றால் 1987இல் அதன் படை இங்கே வந்த பிறகு நடந்தவை இரண்டு தரப்புக்கும் நினைவில் இருந்தன. நோர்வே அப்படி இல்லை, நோர்வேக்காரர் உதவியால் வந்த காரைநகர் சீநோர் படகுத் தளம் மூலம் 60களின் கடைசியிலிருந்தே வடக்கில் தெரிந்த பெயர். போதாததற்கு இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனருக்கும் இடையிலான 1993 ஒஸ்லோ உடன்படிக்கையால் உலகம் முழுக்கச் சமாதானத் தூதர் என்ற பெயரும் வாங்கியிருந்தார்கள். தூரத்தில் இருக்கிற சின்ன நாடு, யாரையும் மிரட்ட முடியாத நாடு என்பதால்தான் கொழும்பில் அரசும் வன்னியில் புலிகளும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் முறைப்பாட்டோடு வந்தவர்களுக்கு அதுவே இடைஞ்சலாகவும் இருந்தது.

வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து மண்முனைத் துறை கடந்து வந்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன். கோயில் திருவிழாவுக்குப் போன மகனைப் புலிகள் இயக்கம் படையில் சேர்க்கக் கொண்டுபோய்விட்டது. பையனுக்கு வயது 15. பிறப்புச் சான்றிதழை பொலித்தீன் பையில் சுற்றி, அதை இன்னொரு பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கண்காணிப்பாளர் தன் நாட்டில் பொலிஸ் வேலை பார்த்தவர், மிகப் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த நாள், எந்த நேரம், வந்தவர்கள் எத்தனை பேர், வாகனத்தில் வந்தார்களா, பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா. எல்லாம் எழுதி முடிந்த பிறகு அந்த அம்மா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார், "தம்பி, இந்தத் துரை போய்க் கேட்டா விடுவாங்களா?" கேட்பார், விசாரிப்பார், மீறல் என்றால் மீறல் என்று பதிவார், அதற்கு மேல் அவருக்கு அதிகாரம் இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. முறைப்பாடு மீறல் என்று பதிவாகியது. பையன் வரவில்லை. மாதக்கணக்கில் அந்த அம்மா வந்துகொண்டே இருந்தார்.

கண்காணிப்புக் குழுவின் தலைவரை நியமிப்பது நோர்வே அரசு, உடன்படிக்கைக்குப் பொருள் சொல்வதில் கடைசி முடிவு அவருடையது. ஆனால் சொன்னதைச் செய்விக்க அவரிடம் ஒன்றும் கிடையாது. நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து என்று ஐந்து நாட்டிலிருந்து வந்தவர்களில் ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை. கோயில்களை விட்டுப் படைகள் 30 நாளில் வெளியேற வேண்டும், பள்ளிக்கூடக் கட்டடங்களை 160 நாளில் விட வேண்டும் என்று நாள் குறித்தே எழுதியிருந்தது, அதையும் கேட்டு எழுதத்தான் முடிந்தது. தெற்கில் இவர்களை வெள்ளைப் புலிகள் என்று திட்டினார்கள். எங்கள் பக்கத்தில் அரசாங்கத்துக்குச் சாய்கிறார்கள் என்றார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு அடுத்த நாள் காலையில் அதே ஜீப்பில் அதே வீதியில் போவார்கள். அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன்.

2006தான் திருப்பம். அந்த வருடத் தொடக்கத்திலேயே, ஐரோப்பிய ஒன்றியத்தின் பயங்கரவாதப் பட்டியலோடு இனிச் சேர்ந்து போவதில்லை, நடுவராக இருக்க அது தடை என்று நோர்வே அறிவித்துவிட்டது. ஒன்றியத்தில் உறுப்பினராக இல்லாததால் அதைச் செய்ய முடிந்தது. மே மாதம் ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது. ஒன்றிய நாட்டவர் கண்காணிப்பில் இருக்கக்கூடாது என்று புலிகள் சொல்ல, சுவீடன், டென்மார்க், பின்லாந்துக்காரர்கள் செப்டம்பருக்குள் போய்விட்டார்கள். நோர்வேயும் ஐஸ்லாந்தும்தான் மிச்சம். சரியாக அந்த நேரத்தில்தான் மட்டக்களப்புக்கு வடக்கே வாகரையில் சண்டை, சனம் காட்டுப் பாதையால் நடந்து வந்தது. முறைப்பாடு கொடுக்க ஆயிரம் விஷயம் இருந்தது, போய் எழுத ஆள் இல்லை. தடை சரியா பிழையா என்று வாதிடுபவர்கள் இந்தப் பக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

2008 ஜனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையிலிருந்து விலகியது. விலக விரும்புகிறவர் 14 நாள் முன்னதாக நோர்வேக்கு அறிவிக்க வேண்டும் என்று இருந்தது, அதன்படி அறிவித்துத்தான் விலகினார்கள். பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. 2011இல் நோர்வே தன் முயற்சியைத் தானே மதிப்பிட வைத்து அறிக்கையாக வெளியிட்டது. தோற்ற முயற்சியை இப்படிப் பகிரங்கமாக ஆராய எத்தனை அரசுகள் துணியும்? 2006இல் போர் திரும்பியபோதே முழுதாக விலகுவதை யோசித்திருக்க வேண்டும் என்ற கருத்து அதில் உண்டு. கொள்கை வகுப்பவரின் கணக்கில் அது சரியாக இருக்கலாம், எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஜீப் ஒரு சோதனைச் சாவடிக்கு முன்னால் நின்றால் அங்கே நிறுத்தி வைத்திருந்த பொடியன்களோடு கதைக்கிற விதமே மாறும், அதை நான் கண்ணால் கண்டேன். நாட்டைக் காப்பாற்ற அது போதாது. ஆனாலும் அந்த நாளில் அந்தப் பொடியன்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.